சத்தம் மட்டும் வரவில்லை

மூடியைக் கழற்றியதும் கருவாட்டு வாடைதான் முதலில் வந்தது. வீடியோ கேம் பெட்டிக்குள் கருவாடு எப்படி வரும் என்று யாருக்கானாலும் சந்தேகம் வந்திருக்கும். எனக்கு வரவில்லை. அந்தப் பெட்டி இத்தனை வருடமும் எங்கள் அடுப்புக்கு மேலே கட்டிய பலகைத் தட்டில் கிடந்தது. கருவாட்டுப் பொட்டலமும் அதே தட்டில்தான் இருக்கும். அடுப்படி வாடை ஏறியிருக்கிறது என்று நானே முடிவு கட்டி, ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து, மூடியை மாட்டிவிட்டேன். அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், லயம் என்னும் வரிசை வீட்டில் பிறந்தவனுக்குத்தான் இந்தப் புத்தி வரும். எங்கள் மழைக்கும் பனிக்கும் சுவரே வேர்க்கும். உப்பு நீர்த்துவிடும், தீப்பெட்டி நமத்துவிடும், பள்ளிக்கூடச் சான்றிதழில் பூஞ்சணம் பூக்கும். அதனால் கெட்டுப்போகக் கூடாத எதுவானாலும் அடுப்புக்கு மேலே ஏற்றிவிடுவோம்.

அந்தப் பெட்டியைக் கொண்டு வந்தவள் அக்கா. குவைத்தில் ஒரு வீட்டு வேலைக்குப் போய், முதல் லீவில் வந்தபோது கொண்டு வந்தாள். அந்த வீட்டுப் பிள்ளைகளுக்குப் புதிது வந்ததும் பழையதைக் குப்பையில் போடப் பார்த்தார்களாம். இவள் கேட்டு வாங்கிக்கொண்டாளாம். அம்மா ஏசிய ஏச்சு இன்னும் காதில் இருக்கிறது. "ஊரு புள்ளைங்க எல்லாம் போர்வையும் பால்மாவும் கொண்டாருதுங்க. இவ பாரு, வெளையாட்டுச் சாமானத் தூக்கிட்டு வந்திருக்கா!" ஆனால் லயத்துப் பிள்ளைகளான எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. திரையில் ஒரு முயல் மேகத்துக்கு மேகம் தாவும். கால் தவறினால் கீழே விழும். அவ்வளவுதான் விளையாட்டு. அதற்கே அடிதடி. லீவு முடிந்து புறப்படும்போது அக்கா ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்: "நான் திரும்பி வரும்போது இது ஓடணும்மா." அம்மாவுக்கு அது போதும். அன்றைக்கே பழைய சேலைத் துணியில் சுற்றி அடுப்புக்கு மேலே வைத்தாள். நாங்கள் அழுது புரண்டும் இறங்கவில்லை.

அதற்குப் பிறகும் அக்கா வந்தாள். அப்பாவின் சாவுக்கு வந்தாள், என் கல்யாணத்துக்கு வந்தாள். வந்த வேகத்தில் அடுத்த வீட்டுக்கு, அடுத்த நாட்டுக்குப் போனாள். கேம் பெட்டியை யார் நினைத்தார்கள்? இந்த வருடம்தான், இனி போவதில்லை என்று போனில் சொன்னாள். சொல்லிவிட்டுக் கேட்ட முதல் கேள்வி, "அந்தப் பெட்டி இருக்கா தம்பி?" என்பதுதான். "நீ வாக்கா, ஓட வச்சித் தாறேன்" என்றேன். வாய்க்கொழுப்பு, வேறென்ன! லிந்துலையில் ஒரு கடையில் போன் திருத்துகிறவன் நான். போனைத் திருத்துகிறவனுக்கு இது ஒரு வேலையா என்று நினைத்துவிட்டேன்.

துடைத்த பெட்டியை டிவியில் மாட்டினேன். சாம்பல் நிறத்தில் கோடு கோடாக ஆடியது. முயலும் இல்லை, ஒரு முனகலும் இல்லை. மறுபடி கழற்றினேன், மறுபடி அதே வாடை. எரிச்சலில் மூக்கைக் கிட்டே கொண்டுபோனபோதுதான் உறைத்தது. போர்டில் வரிசையாக நிற்கும் குட்டி டப்பாக்கள், அந்தக் கெப்பாசிட்டர்கள்தான் நாறின. அவற்றுக்குள் ஒரு திரவம் இருக்கும். ஓயாமல் சூடு பட்டால் அது கசிந்துவிடும். கசிந்தால் மீன் வாடைதான் அடிக்கும். மழையிலிருந்து காப்பாற்றுகிறோம் என்று நினைத்து, வருடக்கணக்கில் அதை அவித்திருக்கிறோம்!

"ஒரு சொட்டுத் தண்ணி படலியேடா, எப்பிடிப் பழுதாச்சு?" என்று அம்மா விடாமல் கேட்டாள். எப்படிச் சொல்வது? "பழசும்மா, பழசுன்னா அப்பிடித்தான்" என்றேன்.

கொழும்பிலிருந்து கெப்பாசிட்டர் வரவழைத்தேன். வந்தவை தடித்தடியாக இருந்தன. மாட்டினால் மூடி மூடாது. திருப்பி அனுப்பிச் சரியானதை எடுத்தேன். அதில் ஒன்றை நேர் முனையும் எதிர் முனையும் மாற்றி வைத்துத் தொலைத்தேன். கரண்டைப் போட்டதும் 'பட்'டென்று வெடித்தது. அம்மா சாமி படத்துக்கு முன்னால் போய் நின்றுகொண்டாள். ஈயத்தை உருக்க அயன் சூடாகும் நேரம் பார்த்துக் கரண்ட் போகும். பெட்டியைத் தூக்கித் தேயிலைக்குள் வீசிவிடலாமா என்று இருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், ஒருமுறை வாசல் வரைக்கும் தூக்கிக்கொண்டு போனேன்.

ஒருவழியாக முயல் வந்தது. நீல வானம், வெள்ளை மேகம், எல்லாம் பளிச்சென்று. சத்தம் மட்டும் வரவில்லை. கசிந்த திரவம் போர்டில் ஓடும் செப்புக் கோடு ஒன்றையே அரித்திருந்தது. மெல்லிய கம்பி வைத்து இணைத்தேன், பிய்ந்தது. திரும்ப வைத்தேன், கோடே உரிந்து கையோடு வந்தது. "படந்தான் வருதே, சத்தம் எதுக்கு? இருக்கிற சத்தம் பத்தாதா இந்த லயத்துல?" என்றாள் அம்மா. எனக்கும் அலுத்துவிட்டது. முயல் தாவினால் போதாதா?

அக்கா வந்த மறுநாள் டிவிக்கு முன்னால் பாயைப் போட்டு உட்கார வைத்தேன். முயலை ஆட்டும் பொத்தான் கட்டையைக் கையில் கொடுத்தேன், வாங்கவில்லை. "நீ வெளையாடு தம்பி" என்று சுவரில் சாய்ந்துகொண்டாள். விளையாடினேன். சற்று நேரம் பார்த்தாள்.

"சத்தத்தக் கூட்டு."

"சத்தம் மட்டும் சரி வரலக்கா. படம் நல்லா வருது பாரு."

அக்கா சிரித்தாள். "படத்த நான் எங்க கண்டேன்? அந்தப் புள்ளைங்க ஹோல்ல வெளையாடும், நான் குசினில அடுப்புக்கிட்ட நிப்பேன். அந்தக் கேம் பாட்டு ஓடுற வரைக்கும் யாரும் என்னயக் கூப்புட மாட்டாங்க. கீழ கால நீட்டி ஒக்காந்துருவேன். முயலு விழுந்துச்சுன்னா ஒரு சத்தம் வரும். ஒடனே எந்திரிச்சிருவேன். கோவத்துல அதுங்க ஜூஸ் கேக்கும், தண்ணி கேக்கும்." சுவரில் சாய்ந்தபடியே, "பாட்டு ஓடும்போது ஒருக்கா நம்ம வீட்டுல ஒக்காந்து பாக்கணும்னு இருந்துச்சு. அதான் கேட்டு வாங்குனேன். அந்த லீவுலயும் எனக்கு அடுப்படிதான்" என்றாள்.

எனக்கு வந்த கோபத்தை யார் மேல் காட்டுவது? அடுப்பு மேலா, அம்மா மேலா? நீல வானமும் வெள்ளை மேகமும் ஓடிக்கொண்டிருந்தன, ஊமையாக.

அடுப்படியிலிருந்து அம்மா கூப்பிட்டாள். "ஏ புள்ள, தேத்தண்ணிக்குத் தண்ணி கொதிக்குது பாரு."

"தோ வாறேன்" என்றாள் அக்கா.

"நீ ஒக்காருக்கா, நான் ஊத்துறேன்!" என்று கத்தினேன். லயமே திரும்பிப் பார்த்திருக்கும். அக்கா அதற்குள் எழுந்து போய்விட்டிருந்தாள்.