நாற்பது மல்லிச் செடியும் என் வீட்டுக்காரியும்

நான் மூன்றாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடம் போகவில்லை. ஆனாலும் கந்தர்வகோட்டையிலிருந்து அரிமளம் வரைக்கும் என் வண்டி போர் போடாத ஊர் குறைவு. கிணறு வெட்டக் கூலிக்குப் போனவன் சொந்தமாக மூன்று போர் வண்டி வைத்தேன். உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு வயலில் நடந்தால், நீரோட்டம் உள்ள இடத்தில் அது எனக்கு எழுந்து நிற்கும். படித்தவர்கள் மெஷினோடு வந்து பார்த்துவிட்டுக் கையை விரித்த இடத்தில் நான் தண்ணீர் காட்டியிருக்கிறேன். பெருமைக்குத்தான் சொல்கிறேன், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் இவ்வளவும் செய்தவனால் வீட்டுக்காரியை ஒரு வாய் சோறு சாப்பிட வைக்க முடியவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன்னால் அவளுக்கு ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போய்விட்டது, அவள்தான் எழுந்திருக்கவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்தே கிடப்பாள். சிங்கப்பூரிலிருந்து மகன் போனில் கூப்பிட்டால் "ம்" என்பாள், அதற்கு மேல் இல்லை. மந்திரித்தும் பார்த்தோம், குறி கேட்கக் கோடாங்கியிடமும் போனோம். ஒரு நாள் தலையை வாரிவிடலாம் என்று பக்கத்தில் உட்கார்ந்தேன். "எனக்குப் போதும்ங்க" என்றாள். எது போதும் என்று கேட்டேன், சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மறுநாளே காரில் ஏற்றிப் புதுக்கோட்டைக்கு, மனநலம் பார்க்கிற டாக்டரம்மாவிடம் கூட்டிப் போனேன். அவர் மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு என்னை மட்டும் தனியாக உள்ளே கூப்பிட்டார். இவர்களைக் கொஞ்ச நாளைக்கு ஒரு நிமிஷம்கூடத் தனியாக விடாதீர்கள், யாராவது எப்போதும் பக்கத்தில் இருக்க வேண்டும் என்றார்.

யாராவது என்றால் யார், நான்தான். இரண்டு வண்டியைக் கைமாற்றிவிட்டேன், மூன்றாவது ஷெட்டில் நிற்கிறது. குளியலறைத் தாழ்ப்பாளைக் கழற்றினேன். பின்கட்டுக் கிணற்றுக்கு இரும்புக் கம்பி வலை போட்டு மூடினேன். படுக்கும்போது அவள் முந்தானை நுனியை என் விரலில் சுற்றிக்கொள்வேன். அவள் புரண்டால் விழித்துக்கொள்வேன். எழுநூறு அடி பாறையை இரண்டு நாள் கண் மூடாமல் நின்று உடைத்தபோதெல்லாம் வராத அசதி அப்படிக் காவல் இருந்த எட்டு மாதத்தில் வந்தது. சாப்பிட உட்கார்ந்தால் கை இலையிலேயே நின்றுவிடும்.

மூன்றாவது தடவை போனபோது, இவர்கள் விவசாயக் குடும்பமா என்று டாக்டரம்மா கேட்டார். ஆமாம், இவள் அப்பன் வீட்டில் மல்லிக் கொல்லை இருந்தது, பிறந்ததிலிருந்து பூ எடுத்தவள் என்றேன். அப்படியானால் வீட்டில் இரண்டு தொட்டியில் செடி வையுங்கள், மண்ணில் கை வைக்கட்டும், காலை வெயில் மேலே படட்டும், மாத்திரையோடு அதுவும் சேர்ந்தால் நல்லது என்றார். எனக்கு மனதுக்குள் சிரிப்புத்தான். ஆனால் சொன்னதைச் செய்யாமல் விட்டவன் என்ற பெயர் எனக்கு வேண்டாம். இரண்டு தொட்டியெல்லாம் வைக்கிற ஆளா நான்? ராமேஸ்வரம் பக்கத்திலிருந்து நாற்பது மல்லிப் பதியன் வரவழைத்தேன். பின்கட்டுச் செம்மண்ணில் குழி போடுகிற மெஷினை வைத்து ஒரே காலையில் நாற்பது குழி போட்டேன். அது ஆவணி மாதம்.

பிளாஸ்டிக் நாற்காலியைப் பின்வாசலில் போட்டு அவளை உட்கார வைப்பேன். அவள் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு வீட்டுப் பக்கம் பார்த்து உட்காருவாள். செடியைப் பார்க்கவே மாட்டாள்.

அவள் பார்க்காவிட்டால் என்ன, நான் பார்த்தேன். காலையில் ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம் மோட்டாரைப் போட்டுப் பாத்தி நிறைய விட்டேன். மழை பெய்த அன்றும் நிறுத்தவில்லை. மார்கழியில் இலையெல்லாம் மஞ்சளாகிவிட்டது. தண்ணீர் போதவில்லை என்று நினைத்து மத்தியானமும் விட ஆரம்பித்தேன். இந்தச் சீமையில் தண்ணீர் இல்லாமல் செத்ததைத்தான் நான் பார்த்திருக்கிறேன், தண்ணீரால் செத்ததைப் பார்த்ததில்லை.

அப்படி ஒரு மத்தியானம் குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், தண்ணீர் நின்றுவிட்டது. கரண்ட் போய்விட்டதென்று திரும்பினால் சுவிட்சுப் பெட்டிக்குப் பக்கத்தில் அவள் நிற்கிறாள். ஆறேழு மாதமாக நான் பிடித்து நடத்தினாலொழிய நடக்காதவள்.

"செடியக் கொல்றீங்க" என்றாள்.

அவள் சேற்றில் இறங்கி, ஒரு செடியின் தூரில் விரலை விட்டு எடுத்து மோந்து பார்த்தாள். "நாப்பது வருசமா பூமிய ஓட்ட போட்டீங்களே, ஒரு வேரையாச்சும் பாத்திருக்கீங்களா? அழுகிக் கெடக்கு."

"தண்ணி விட்டாத்தானே புள்ள பூக்கும்?"

"விடாம இருந்தாத்தான் பூக்கும். தாகம் எடுக்கணும் அதுக்கு. அப்பறம் எலைய உருவி, நுனிய வெட்டி விட்டுட்டு, அதுக்குப் பெறகு விடணும் தண்ணி. எங்க அப்பாரு கொல்லையில மண்ணு வெடிச்சுக் காஞ்சு கெடக்கும்."

அவ்வளவு நீளமாக அவள் பேசி எத்தனை நாளாயிற்று. என்னை யாரும் அப்படி ஏசியதில்லை, ஏச விட்டதுமில்லை. அன்றைக்கு இன்னும் கொஞ்சம் ஏசினால் தேவலை என்று நின்றேன். பேச்சு முடிந்ததும் போய்ப் படுத்துக்கொண்டாள்.

பதினைந்து நாள் சொட்டுத் தண்ணீர் விடக்கூடாது என்று உத்தரவு. என்மேல் அவளுக்கு நம்பிக்கை இல்லை. திருட்டுத்தனமாக விட்டுவிடுவேன் என்று காலையும் மாலையும் வந்து மண்ணில் விரலை விட்டுப் பார்ப்பாள். நான் பின்னாலேயே போவேன். நாற்பது செடியையும் பார்க்க அரை மணி நேரம் ஆகும். நடக்கச் சொல்லி டாக்டரம்மாவும் நானும் கெஞ்சியது இதைத்தான். எட்டுச் செடி அழுகிப் போனது. மற்றதற்கெல்லாம் அவளே உட்கார்ந்து இலையை உருவினாள், கத்தியால் நுனியை வெட்டினாள். நகக்கண் எல்லாம் மண். ஒரு நாள் கையைக் கழுவிவிட்டு வந்து, கஞ்சி இருக்கா என்று கேட்டாள்.

செடி வைத்தேன், சரியாகிவிட்டது என்று நான் சொன்னால் அது பொய். மாத்திரையை ஒரு நாளும் நிறுத்தவில்லை. தை மாதம் பத்து நாள் மறுபடியும் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டாள். என்ன ஏசினாலும் வாங்கிக்கொள்கிறேன் என்று நின்றேன், ஏசவுமில்லை. அந்தப் பத்து நாளில் எனக்கு இருந்த நம்பிக்கையெல்லாம் போய்விட்டது. பதினோராம் நாள் எழுந்து, ஒன்றும் நடக்காதது போலப் பாத்திக்குப் போனாள்.

பங்குனியில் மொட்டு வைத்தது. முதல் நாள் ஒரு கைப்பிடி, பிறகு ஒரு சொளகு. பறித்துக் கட்டி எதிர்வீட்டுப் பெண்களுக்குக் கொடுத்தனுப்பினாள்.

அந்த மாதத்தில் ஒரு நாள் சாயங்காலம் களை கொத்துகிற கொட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். நானும் எழுந்தேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள்.

"கண்ணு ரெண்டும் செவந்து கெடக்கு. போய்ப் படுங்க."

"இருக்கட்டும் புள்ள. கூட வாரேன்."

"நான் எங்கிட்டும் போயிர மாட்டேங்க. களைதான் எடுக்கப் போறேன்." கொஞ்சம் நின்று, "நெசமாத்தான் சொல்றேன்" என்றாள்.

அதை அவள் சொல்லிவிட்ட பிறகு கூடப் போனால் அவளை நம்பவில்லை என்று ஆகிவிடும். போகாமலிருக்கப் பயமாகவும் இருந்தது. நடையில் பாயை விரித்துப் பின்வாசல் தெரிகிற மாதிரி படுத்தேன். கொட்டு மண்ணில் விழுகிற சத்தம் கேட்டது. அதை எண்ணிக்கொண்டே கிடந்தவன் எங்கே விட்டேன் என்று தெரியவில்லை.

விழித்தபோது சத்தம் இல்லை. வெயில் இறங்கிவிட்டது. செருப்பில்லாமல் ஓடினேன். அவள் கடைசி வரிசையில் குத்தவைத்து உட்கார்ந்து கையாலேயே புல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமலே, "இன்னும் ரெண்டு பாத்திதான். காப்பி போடுங்க, வாரேன்" என்றாள்.

அவளை அங்கேயே விட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் உள்ளே போய் அடுப்பைப் பற்ற வைத்தேன்.