கொப்புளத்துக்கு வைத்த நேர்த்தி

எங்கள் மகனுக்குத் தோல் சற்று உரசினாலே கொப்புளிக்கும். சப்பாத்துப் போட்டாலும் கொப்புளம், மணலில் விழுந்தாலும் கொப்புளம். கிளினிக்கில் டொக்டர் படம் கீறிக் காட்டினார். மேல்தோலைக் கீழ்த்தோலோடு பிடித்து வைப்பது கொலாஜன் என்ற புரத இழை. அதைச் செய்யும் மரபணுவில் ஒரு பிழை. தாய் தகப்பனில் ஒருவரிடமிருந்து வந்தாலே போதுமாம். சிலவேளை பிள்ளையில் புதிதாகவும் தோன்றுமாம்.

கூட வந்திருந்த கணவரின் அக்கா, என் மச்சாள், "தாய்" என்ற சொல்லோடு கேட்பதை நிறுத்திவிட்டார். வெறும் வாயை மெல்லுகிறவருக்கு அவல் கிடைத்தால் விடுவாரா?

"எங்கடை பக்கம் உப்பிடி ஒண்டும் இல்லை. இவவின்ரை ஆக்களைத்தான் விசாரிக்கவேணும்," என்று கலியாணவீடு, செத்தவீடு பாராமல் சொன்னார். கணவர் பக்கத்தில் நின்று தேத்தண்ணி குடிப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இந்தப் பேச்சின் நான்காம் வருடம் மச்சாள் ஒரு நேர்த்தி வைத்தார்: தேர்த் திருவிழாவில் பிள்ளை கோயில் வீதியைச் சுற்றி உருண்டு பிரதட்டை செய்வான்.

"உரசினால் கொப்புளிக்கிற பிள்ளையைச் சுடுமணலிலை உருட்டவோ?" என்றேன். சாமிக்குச் சொன்னதை மாற்ற முடியாது என்றார். கடைசியில் கணவர் வேட்டியை இறுக்கிக்கொண்டு தானே உருண்டார்.

உருண்ட மற்றவர்களுக்கெல்லாம் சிராய்ப்பு. இவருக்கு மட்டும் முழங்கை, முழங்கால் எல்லாம் தேசிக்காய் அளவில் கொப்புளம்.

"பிள்ளையின்ரை வருத்தத்தைக் கடவுள் தகப்பனுக்கு மாத்திப்போட்டார்," என்று மச்சாள் கைகூப்பினார். அதே வாயோடு கிளினிக்குக்கும் வந்தார்.

டொக்டர் கணவரைச் சப்பாத்தைக் கழற்றச் சொன்னார். இரண்டு பெருவிரல்களிலும் நகம் இல்லை. பந்தடித்துப் போனது என்றுதான் இத்தனை வருடமும் இவர் எனக்குச் சொல்லியிருந்தார்.

"மாறேல்லை அம்மா. நகம் போறதும் இந்த வருத்தம்தான். இவரிட்டை இருந்துதான் பிள்ளைக்குப் போயிருக்கு. இவருக்குக் குறைவு, பிள்ளைக்குக் கூடுதல்," என்றார் டொக்டர். பிறகு வந்த இரத்தப் பரிசோதனையும் அதையே சொன்னது. அன்று திரும்பும்போது மச்சாள் பஸ்சில் வேறு சீட்டில் இருந்தார்.

நான்கு வருடமாகச் சேர்த்து வைத்த பதில்கள் என்னிடம் நிறைய இருந்தன. வீட்டுக்கு வந்து, கொப்புளத் தண்ணீரை வடிக்கப் புது ஊசியைப் பிரித்தேன். கணவர் கதிரையில் கையை நீட்டிக்கொண்டு, "அக்கா உன்னை ஏச, நான் பாத்துக்கொண்டு நிண்டிட்டன்," என்றார்.

மகன் ஓடிவந்து அவருடைய மற்றக் கையைப் பிடித்தான்.

"பயப்பிடாதேங்கோ அப்பா. அம்மா நோகாமல் குத்துவா."

அவர் அழுதுவிட்டார். நான் இன்னும் ஊசியை வைக்கவேயில்லை.