ஷஹீராவின் புதன்கிழமைக் கூட்டம்

அன்றைய பட்டறைக்கு நாற்பத்தொரு பேர் வந்திருந்ததாகக் கணினி சொன்னது. ஷஹீராவின் எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் இரண்டே பேர். அவர்களில் ஒருவர் குளிர்சாதனத்துக்காக வந்தவர். பாடம் தொடங்கியதுமே தூங்கிப்போனார்.

டத்தோ கிராமாட்டிலிருந்து பஸ் ஏறி வரும் ஷஹீரா, பல்கலைக்கழக நூலகத்தில் பதினான்கு வருடமாக வேலை பார்க்கிறார். முதுகலை, முனைவர் பட்ட மாணவர்களுக்கு ஆய்வுக் கட்டுரைகளைத் தேடிப் பிடிக்கவும், மேற்கோள்களை முறையாகக் காட்டவும் சொல்லித் தருவது அவர் பொறுப்பு. புதன்தோறும் பெரிய அரங்கில், திரையில் படம் போட்டு நடத்துவார். யாருக்கும் ஒன்றும் ஏறாது.

ஏறுகிற இடம் கீழே கேன்டீன். அவர் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்ததும் மடிக்கணினியோடு வந்து நிற்பார்கள். "அக்கா, அஞ்சே நிமிஷம்லா." சொந்தத் தலைப்பு, சொந்தச் சிக்கல், பக்கத்தில் கேட்க ஓர் ஆள். அரை மணியில் கப்பென்று பிடித்துக்கொள்வார்கள். ஆனால் ஒரு மதியத்தில் எத்தனை பேரைப் பார்ப்பது? பாதிப் பேர் காத்திருந்துவிட்டுத் திரும்பிப் போனார்கள்.

அதனால்தான், அரங்கப் பட்டறையை நிறுத்திவிட்டு அந்த நேரத்தில் ஒவ்வொருவராகப் பார்க்க அனுமதி கேட்டிருந்தார். தலைமை நூலகர் ரொஸ்னா அவரைக் கூப்பிட்டு வருகைப் பதிவைக் காட்டினார்.

"இவ்வளவு கூட்டம் வர்றத யாராவது நிறுத்துவாங்களா? இதவிடப் பெரிய ஹாலே தர்றேன்."

ஷஹீரா நேரே கேன்டீனுக்கு இறங்கினார். முனைவர் பட்ட மாணவன் கோகிலன் நுரை பொங்க ஆற்றிய தே தாரிக் டீயோடு உட்கார்ந்திருந்தான்.

"தம்பி, வராதவங்க பேரெல்லாம் எப்படிப்பா பதிவாச்சு?"

"நான்தான்க்கா!" அவன் பெருமையாகச் சிரித்தான். "கதவுல ஒட்டியிருந்த, வருகை பதியற க்யூஆர் கோட படம் புடிச்சு குரூப்ல போட்டுட்டேன். ஆள் வரலன்னா அக்கா கிளாஸ மூடிருவாங்க, அப்புறம் நமக்கு யார் இருக்கான்னு எழுதினேன். எல்லாரும் வீட்டுல இருந்தே ஸ்கேன் பண்ணிட்டாங்க."

"மூடச் சொல்லிக் கேட்டதே நான்தான்பா."

அவன் சிரிப்பு நின்றது. "அப்ப உண்மையச் சொல்லிருங்கக்கா."

"சொன்னா?"

சொன்னால் அந்தப் பதிவுகள் ரத்தாகும். பட்டறை வருகை குறைந்தால் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க முடியாது. பொய்யாகப் பதிந்ததற்குத் தனி விசாரணை. கோகிலன் அடுத்த மாதம் சமர்ப்பிக்க வேண்டும்.

"அக்கா..."

"தெரியும்பா. சாப்பிடு."

சாயங்காலம் ஒருமுறை ரொஸ்னாவின் அறைவரை போனார். உள்ளே ரொஸ்னா தொலைபேசியில், இந்தப் பட்டறையை ஆண்டறிக்கையின் முதல் பக்கத்திலேயே போடச் சொல்லிக்கொண்டிருந்தார். ஷஹீரா கதவைத் தட்டவில்லை. பஸ்ஸில் வீடு திரும்பும்போது பார்த்தால், இன்னும் மூன்று மாணவர்கள் நேரம் கேட்டுச் செய்தி அனுப்பியிருந்தார்கள். அவர்களுக்கு என்ன பதில் போடுவதென்று அவருக்குத் தெரியவில்லை.

அடுத்த புதன் பட்டறை காலை ஒன்பது மணிக்கு, இருநூறு இருக்கை கொண்ட புது அரங்கில்.