மூடி தேடும் கை

சண்முகநாதன் இரத்தம் எடுத்தால் ஊசி குத்தியதே தெரியாது. ஜார்ஜ்டவுனில் அவர் வேலை பார்க்கும் மருத்துவமனையில் இருபத்தாறு வருடமாக அவருக்கு அந்தப் பெயர். ஒரே ஒரு பொல்லாத பழக்கம்: எடுத்த ஊசிக்கு மறுபடி மூடி போட்டுத்தான் வீசுவார். கூடாது, கையில் குத்திவிடும் என்று வருடா வருடம் வகுப்பு வைத்துச் சொன்னார்கள். நன்றாகத் தலையாட்டிவிட்டு வந்து மூடியைத் தேடுவார்.

காரணம் அவர் மனைவி தேன்மொழி. அதே மருத்துவமனையில் குப்பை அள்ளுபவள். கல்யாணமான புதிதில், குப்பைப் பையைக் கிழித்துக்கொண்டு வந்த, மூடி இல்லாத ஓர் ஊசி அவளோடு வேலை செய்த பெண்ணின் தொடையில் ஏறிவிட்டது. அன்று பிடித்த பழக்கம் இது. அதன் பிறகு இதுவரை நான்கு முறை அவர் விரலிலேயே குத்தியிருந்தது. ஒருமுறைகூட மேலிடத்துக்கு எழுதிக் கொடுக்கவில்லை. கழுவிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். பிடிவாதத்துக்கும் ஓர் அளவு வேண்டாமா?

இந்த வருடம் ஊழியர்களுக்கு நடந்த இரத்தப் பரிசோதனையில் அவருடைய கல்லீரல் நொதி, இருக்க வேண்டியதைவிட மூன்று மடங்கு காட்டியது. மேலும் சோதித்ததில், இரத்தம் வழியாகத் தொற்றும் ஹெபடைடிஸ் சி என்று தெரிந்தது. மூன்று மாதம் மாத்திரை சாப்பிட்டால் பெரும்பாலும் குணமாகிவிடும் என்றார் டாக்டர் ஃபரா. "மனைவிக்கும் பார்த்துவிடுங்கள்" என்றதும்தான் மனிதர் ஆடிப்போனார். யாரைக் காப்பாற்ற நினைத்தாரோ அவளுக்கே கொடுத்திருந்தால்?

கடலுக்கு அக்கரையில், பாகான் டாலாமில் இருக்கும் வீட்டுக்குத் திரும்பும் வழியில், ஃபெரி படகில் வைத்துத் தேன்மொழியிடம் நோயையும் அது வந்த காரணத்தையும் சொன்னார்.

"எனக்காகவா மூடி போட்டீங்க?"

"ஆமா தேனு. குப்பையைக் கீழ கொண்டுபோய் நீங்க எல்லாருந்தான கொட்டுவீங்க?"

"ஊசி போடுற அந்த மஞ்சப் பெட்டி வந்து பதினஞ்சு வருசமாச்சுலா. பூட்டுனா திறக்காது. அப்படியே எரிக்கப் போயிடும். உள்ள இருக்குற ஊசிய நான் ஒரு நாளும் பார்த்ததில்லீங்க."

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார்.

மறுநாள் காலை மருத்துவமனையில் தேன்மொழி அவர் முன்னால் வந்து உட்கார்ந்து கையை நீட்டினாள். வேறு யாரிடமும் குத்திக்கொள்ள மாட்டாளாம். கையுறை மாட்டிக்கொண்டு எடுத்தார். ஊசியை உருவியதும் அவருடைய இடது கை தன்பாட்டுக்கு மூடியைத் தேடிப் போனது. அவள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்படியே போடுங்க. எனக்கு ஒன்னும் ஆகாது."

மூடாமலே மஞ்சள் பெட்டிக்குள் போட்டார்.

மூன்றாம் நாள் முடிவு வந்தது. அவளுக்கு எதுவும் இல்லை. தனக்கு நோய் என்று கேட்டபோது அழாத சண்முகநாதன், அந்தத் தாளைப் பார்த்து வாய்விட்டு அழுதார்.