அக்கா மெலிந்த நான்கு மாதங்கள்

ஜாக்கெட் தைக்கிறவளுக்கு வாய் அடக்கம் வேண்டும். எனக்கு அது கிடையாது. கொட்டாரத்தில் வீட்டு முன்னறையில் மெஷின் போட்டு இருபத்திரண்டு வருடமாகத் தைக்கிறேன். டேப்பைப் போட்டால் அளவை மட்டும் குறித்துக்கொள்ளத் தெரியாது. “போன ஓணத்துக்கு இருந்ததவிட ரெண்டு இஞ்சு கூடியிருக்கு, வீட்டுல நல்ல கவனிப்புபோல” என்று எதையாவது சொல்லிவிடுவேன். பெண்கள் சிரிப்பார்கள். சிலர் அடுத்த தடவை வேறு கடைக்குப் போய்விடுவார்கள். போனால் போகட்டும் என்று இருந்தவள்தான் நான். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். என் வாயால் கெட்டது நானாக இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை.

அக்காவைச் சுசீந்திரத்தில் கட்டிக்கொடுத்திருந்தது. என்னைவிட ஆறு வயது மூத்தவள். நாள்பட்ட சர்க்கரை நோய். மாத்திரைக்குக் கட்டுப்படாமல் போனதும் நாகர்கோவிலில் ஒரு டாக்டர் அவளை இன்சுலின் ஊசிக்கு மாற்றினார். அந்தச் சமயத்தில் அவள் தோளெலும்பு தெரிய மெலிந்திருந்தாள். நாலு படி ஏறினால் உட்கார இடம் தேடுவாள். ஊசி போட ஆரம்பித்து இரண்டு மாதத்தில் முகம் தெளிந்துவிட்டது. பஸ்ஸை விட்டு இறங்கி என் வீட்டுக்கு விறுவிறுவென்று நடந்து வருவாள். எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் ஊசியோடு சேர்ந்து எடையும் ஏறியது.

அவள் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்த நேரம். கை இறுக்குகிறது என்று ஒரு பை நிறைய ஜாக்கெட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள். நான் எப்போதும் உள்ளே ஒரு இஞ்சு துணி மடித்து விட்டுத்தான் தைப்பேன். தையலைப் பிரித்து விட்டுக் கொடுத்தேன். இரண்டு மாதம் கழித்து அதே பையோடு மறுபடியும் வந்தாள். இனிமேல் பிரித்து விட உள்ளே துணி இல்லை. அன்றைக்குப் பார்த்து இரண்டு பெண்கள் அளவு கொடுக்க வந்து உட்கார்ந்திருந்தார்கள். கேட்க ஆள் இருந்தால் என் நாக்கு ஒரு முழம் கூடும்.

“ஏக்கா, ஊசியில மருந்துதான் இருக்கா, இல்ல பசுவுக்கு வைக்க புண்ணாக்கைக் கரைச்சுத் தந்திருக்காவளா?” என்றேன்.

அந்த இரண்டு பெண்களும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள்.

“நான் ஒண்ணும் கூடுதலாத் திங்கலட்டி. ரெண்டு நேரமும் கோதம்பு தோசைதான். ஊசி போட்ட பொறவுதான் இப்பிடி வருது. டாக்டர்ட்ட ஒருக்கா கேட்டுப் பாக்கட்டா?” என்றாள்.

“அவரு என்னத்தச் சொல்லுவாரு? வாயக் கட்டுன்னு சொல்லுவாரு. போன மாசம் முந்திரிக்கொத்து சுட்டியே, ஒரு டின்னு நிறைய, அது எங்க போச்சு? கல்யாணப் போட்டோவுல சம்பந்தக்காரி பக்கத்துல நின்னேன்னா ஒன்ன மட்டுந்தான் தெரியும், பாத்துக்கோ.”

அவள் ஜாக்கெட்டுகளைத் திரும்பப் பைக்குள் வைத்துக்கொண்டு, அடுத்த பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எழுந்துவிட்டாள். புண்ணாக்குக் கேலியைக்கூட என்னால் ஒருமாதிரி மறக்க முடிகிறது. டாக்டரிடம் கேட்கப் போனவளைக் கேட்கவிடாமல் செய்ததைத்தான் மறக்க முடியவில்லை. வெட்கப்பட்டு அவள் யாரிடமும் கேட்கவேயில்லை.

அடுத்து அவள் வந்தது கல்யாணப் பட்டுக்கு ஜாக்கெட் அளவு கொடுக்க. டேப்பைப் போட்டேன். மார்பில் மூன்று இஞ்சு குறைந்திருந்தது. கையிலும் நன்றாகக் குறைந்திருந்தது. எனக்குக் கை தட்டலாம்போல இருந்தது.

“எப்பிடிக்கா?”

“நடக்கேன்ட்டி. காலம்பற தெப்பக்குளத்தச் சுத்தி நாலு சுத்து.”

நான் நம்பினேன். அந்த அரைமணி நேரத்துக்குள் அவள் மூன்று தடவை தண்ணீர் வாங்கிக் குடித்தாள். இரண்டு தடவை பாத்ரூம் போய்வந்தாள். வெயில் அப்படி என்று நினைத்துக்கொண்டேன். கண் உள்ளே போயிருந்ததற்குக் கல்யாண அலைச்சல் என்று நானே காரணமும் சொன்னேன். அந்த அலைச்சலைச் சாக்கிட்டுத்தான் அவள் டாக்டரிடம் போகாமல் இருந்தாள் என்பது அப்போது எனக்குத் தெரியாது. தைத்து முடித்த ஜாக்கெட்டும் கல்யாணத்துக்கு முந்தின வாரம் தொளதொளவென்று ஆகிவிட்டது. இன்னும் பிடித்துத் தைத்தேன், அவ்வளவு சந்தோஷமாக. கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம், “எங்க அக்காவப் பாருங்க, மனசு வச்சா முடியாதது உண்டா?” என்று பீற்றிக்கொண்டேன்.

கல்யாணத்தன்று அக்கா அழகாக இருந்தாள். பத்து வயது குறைந்துவிட்டது என்று சொன்னவர்களிடம் என்னைக் கைகாட்டிச் சிரித்தாள். புதுச்செருப்பு அவள் வலது காலைக் கடித்திருந்தது. சர்க்கரைக்காரிக்குப் பாதம் மரத்துப் போயிருந்ததால் அது தெரியவில்லை. மறுவீடு எல்லாம் முடிந்து நாலைந்து நாள் கழித்து அத்தான் பார்த்தபோது கட்டைவிரல் கறுத்திருந்தது.

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்த அதே நாகர்கோவில் டாக்டர், ஊசி ஒழுங்காகப் போடுகிறாளா என்று கேட்டார். “மாசாமாசம் நான்லா வாங்கிக் குடுக்கேன்” என்றார் அத்தான். அக்கா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். மாற்றுத்துணி எடுக்க நானும் அவரோடு வீட்டுக்குப் போனேன். ஃபிரிட்ஜில் காய்கறித் தட்டுக்கு அடியில், செய்தித்தாளில் சுற்றி, நான்கு மாதத்து மருந்துக் குப்பிகள் மூடிகூடப் பிரிக்காமல் இருந்தன. அத்தான் அவற்றைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் துணி எடுக்கிற சாக்கில் அறைக்குள் போய்விட்டேன்.

குப்பிகளைக் கொண்டுபோய்க் காட்டியபோது டாக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். சர்க்கரை கட்டுக்குள் இல்லாதபோது சாப்பிடுவது உடம்பில் சேராமல் சிறுநீரோடு போய்விடுகிறது, அதனால்தான் முதலில் மெலிந்தீர்கள் என்றார். இன்சுலின் போட்டதும் அது உடம்பில் தங்குகிறது, எடை கொஞ்சம் ஏறும், பலருக்கும் ஏறுகிறது, நீங்கள் கள்ளத்தனமாகத் தின்றதால் ஏறியது இல்லை என்றார். அதற்கும் வழி இருக்கிறதாம். மருந்தின் அளவை மாற்றிப் பார்க்கலாம், கூட வேறு மாத்திரை சேர்க்கலாம், சாப்பாட்டைச் சரிசெய்யலாம். ஊசியை நிறுத்தி இளைத்தது நோய் தின்ற இளைப்பு.

“ஒரு வார்த்தை என்கிட்ட கேட்டிருக்கலாமேம்மா” என்றார்.

அவர் அக்காவைப் பார்த்துத்தான் சொன்னார். தலைகுனிந்தது நான்.

முதலில் கட்டைவிரலை எடுத்தார்கள். அது ஆறவில்லை. பிறகு பாதத்தின் முன்பகுதியையே எடுக்க வேண்டி வந்தது.

இரண்டு வருடம் ஆகிறது. அக்கா இப்போது ஊசியைத் தவறவிடுவதில்லை. எடை கொஞ்சம் ஏறி அப்படியே நின்றுவிட்டது, யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. வாக்கர் பிடித்து அடுக்களை வரைக்கும் வருவாள். வாரத்தில் ஒருநாள் போய்க் கூடமாட ஏதாவது செய்துவிட்டு வருவேன். ஊரில் எல்லாரும்தானே அவளைக் கேலி செய்தார்கள், நான் மட்டுமா என்று பஸ்ஸில் போகும்போதெல்லாம் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்வேன்.

போன மாதம் ஒருநாள் இரண்டு பேரும் குழம்புக்குச் சின்ன உள்ளி உரித்துக்கொண்டிருந்தோம். மனசில் அடக்கி வைக்க முடியாமல் கேட்டுவிட்டேன். “நீ ஊசிய நிறுத்துனது நான் சொன்னதுனாலயாக்கா?” இல்லை என்று சொல்லிவிட மாட்டாளா என்ற ஆசையில்தான் கேட்டேன்.

“ஊருல எத்தன பேரு சொன்னாவ, தடிச்சுட்ட, தடிச்சுட்டன்னு. சம்பந்தக்காரியே மொகத்துக்கு நேர சொன்னா. அதயெல்லாம் நான் காதுல போட்டுக்கிட்டனா?” என்றாள்.

எனக்கு மூச்சு சீராக வந்தது. அவள் உரித்த உள்ளியைக் கிண்ணத்தில் போட்டுவிட்டு அடுத்ததை எடுத்தாள்.

“நீ சொன்னப்பதான் சரியா இருக்கும்னு நெனச்சேன். ஒனக்கு என் ஒடம்பு தெரியும்லா.”