பங்களா சன்னலின் பழைய தட்டி

எங்கள் எஸ்டேட்டில் யாருடைய சம்பளத்தையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. எவ்வளவு உயரத்தில் குடியிருக்கிறார்கள் என்று பார்த்தால் போதும். மலை உச்சியில் மேனேஜர் துரையின் பங்களா. அடியில், ஓடைக்கரையில், கொழுந்து பறிப்பவர்களின் வரிசை வீடுகளான லயம். நடுவே ஸ்டாஃப் குவார்ட்டர்ஸ் என்ற கௌரவமான பெயரில் எங்களைப் போன்ற குமாஸ்தாக் குடும்பங்கள். மேலே பார்த்தால் கும்பிடு, கீழே பார்த்தால் முறைப்பு. இரண்டாவது கிளார்க்காக இருந்த என் அப்பாவின் கழுத்து இந்த இரண்டு வேலைக்கும் நன்றாகப் பழகியிருந்தது.

எங்கள் முன்னறையில் ஒரு பெரிய சன்னல். அதற்கு எதிரே பள்ளம். பள்ளத்துக்கு அந்தப் பக்கச் சரிவில், மேலே பங்களா வராந்தா, கீழே லயம். ஆக, அந்த ஒற்றைச் சன்னல் வழியாக மொத்த எஸ்டேட்டும் எங்களைப் பார்க்கலாம். துரை இன்னும் நன்றாகவே பார்க்கலாம். வெள்ளைக்காரத் துரை ஊருக்குப் போகும்போது விட்டுப்போன பைனாகுலர் அவரிடம் இருந்தது. வெள்ளைக்காரர் அதில் பறவைகளைப் பார்த்தாராம். நம்மூர்த் துரைக்குப் பறவைகளில் நாட்டமில்லை. யார் வேலை நேரத்தில் குத்தவைத்து உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்ப்பார்.

அந்தச் சன்னலடியில்தான் அம்மாவின் தையல் மிஷின் இருந்தது. வீட்டில் வேறெங்கும் வெளிச்சம் கிடையாது. அப்பாவைக் கேட்காமல் அம்மா வாங்கிய ஒரே சாமான் அது. லயத்துப் பெண்கள் ஜாக்கெட் தைக்கக் கொடுப்பார்கள். ஸ்டாஃப் வீடுகளில் எந்த வியாபாரமும் கூடாது என்பது ஆபீஸ் உத்தரவு. அந்த உத்தரவை டைப் அடித்ததே அப்பாதான். ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் வீட்டில் பால் விற்றது தெரிந்ததும், மறுநாளே பசுவை ஏலப்பாறைச் சந்தைக்கு ஓட்டிவிட்டார்கள். பசுவுக்கு ஆனது மிஷினுக்கும் ஆகும் என்று அம்மாவுக்குத் தெரியும். அதனால் அவள் தைக்கும்போதெல்லாம் சன்னலுக்கு ஒரு பழைய போர்வையைக் கட்டுவாள். போர்வை கட்டினால் இருட்டு, எடுத்தால் துரை. இப்படியே ஊசி கோத்துக் கோத்துக் கண் பூத்துப்போனது.

நான் ப்ரீ டிகிரி பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருந்தேன். எதையாவது கழற்ற வேண்டும், மாட்ட வேண்டும் என்று கை அரித்துக்கொண்டிருந்த காலம். ரேடியோவை ஏற்கெனவே கழற்றியிருந்தேன். அது கழன்றபடியே கிடந்தது. அப்போதுதான், புதுத் துரைசாணிக்குப் பங்களா சன்னல்களின் பழைய பட்டைத் திரைகள் பிடிக்கவில்லை, துணித் திரை போடப்போகிறார் என்று தெரிந்தது. முதலில் கழற்றி எறிந்த ஒன்றைப் பங்களா சமையற்காரர் குப்பைக்குழிக்குக் கொண்டுபோனார். வழியில் மறித்து வாங்கிவிட்டேன். குறுக்காக அடுக்கிய அலுமினியப் பட்டைகள். அவற்றை ஏணிப்படிபோலத் தாங்கும் பருத்தி நாடாக்கள். தூக்க ஒரு கயிறு, சாய்க்க ஒரு கயிறு. ராக்கெட்டே கையில் கிடைத்ததுபோல் இருந்தது எனக்கு.

அம்மா பார்த்துவிட்டு, "இது என்னட்டி, தகரத் தட்டி?" என்றாள். அன்றிலிருந்து அதன் பெயர் அதுதான்.

மாட்டுவதற்குள் உயிர் போய்விட்டது. பங்களா சன்னலுக்குச் செய்தது எங்கள் சன்னலுக்குள் அடங்குமா? சட்டத்துக்குள் வைக்க முடியாமல், அதற்கு மேலே அறைச் சுவரில் மாட்டினேன். இருபுறமும் முழம் முழமாக நீட்டிக்கொண்டு, ஒரு பக்கம் முருகன் காலண்டரை மயிலோடு விழுங்கியது. சுவரோ கல்லும் மண்ணும். திருகாணியைத் திருகத் திருக, மண் மடியில் கொட்டியது. கடைசியில் துளைக்குள் மர ஆப்பு அடித்து, அதில் திருகினேன்.

"ஏட்டி, பொம்பளப் பிள்ள ஏணியில நிக்கிறத லயத்துல பாத்தா என்ன நெனப்பாக?" என்றார் அப்பா.

"ஏணியில நிக்கிறான்னு நெனப்பாகப்பா. கீழ பிடிங்க, ஆடுது."

மாட்டி முடித்தபின் பிரசங்கம் செய்தேன். சுவரில் கரியால் படம்கூடப் போட்டேன். பட்டையின் வெளி விளிம்பைக் கீழே சாய்த்தால், பங்களாவுக்கு நாம் தெரியமாட்டோம். நமக்கு லயத்துப் பாதை தெரியும், லயத்துக்காரர்களுக்கு நம் கூரையின் உட்பக்கம் மட்டும் தெரியும். வெளி விளிம்பை மேலே தூக்கினால் எல்லாம் தலைகீழ். லயத்துக்கு ஒன்றும் தெரியாது. பங்களாவுக்கு நம் மேசை, நாற்காலி, தரை வரை தெரியும். சமதரையில் இருப்பவர்களுக்கு இந்தத் தொல்லையெல்லாம் இல்லை. மலையில், எப்படிச் சாய்த்தாலும் யாரோ ஒருவர் பார்க்கத்தான் செய்வார். யார் என்று மட்டும் நாம் தேர்ந்தெடுக்கலாம்.

அம்மா அந்த நிமிஷமே தேர்ந்தெடுத்துவிட்டாள். பட்டையைக் கீழே சாய்த்து, போர்வையை மடித்துப் பெட்டியில் வைத்தாள். பகல் வெளிச்சத்தில், துரைக்குத் தெரியாமல் மிஷின் ஓடியது. சாயங்காலம் எங்கள் கூரையில் விளக்கு வெளிச்சம் தெரிந்தால் கிளார்க்கம்மா மிஷினில் இருக்கிறாள் என்று லயத்துப் பெண்கள் புரிந்துகொண்டு துணியோடு ஏறிவந்தார்கள்.

அப்பாவும் படத்தை உற்றுப் பார்த்தார். அவர் பார்த்தது அடுத்த பாதியை. பெரிய கிளார்க் அந்த வருஷம் ஓய்வு பெறப்போகிறார். அந்த நாற்காலியில் யார் உட்காருவது என்று துரை யோசித்துக்கொண்டிருப்பதாக ஆபீஸில் பேச்சு. மறுநாளே அப்பா ஒரு கட்டு ஃபைல்களோடு வீடு வந்தார். பட்டையை மேலே சாய்த்தார். விளக்கை மேசைக்கு நேராக இறக்கிக் கட்டினார். கோட்டும் கழுத்து மஃப்ளருமாக, ஃபைலை விரித்து, பேனாவைக் கன்னத்தில் ஊன்றி உட்கார்ந்தார்.

"வீட்டுக்குள்ள எதுக்குப்பா கோட்டு?"

"குளுருதுல்லா?"

குளிர் அவருக்கு மாலை ஆறு மணிக்கு, வராந்தாவுக்குத் துரை வரும் நேரத்தில் மட்டும் அடிக்கும். துரை உள்ளே போனதும் கோட்டு ஆணிக்குப் போய்விடும். ஃபைலில் ஒரு பக்கம்கூடப் புரட்டியதை நான் பார்க்கவில்லை.

அதிலிருந்து எங்கள் வீட்டில் கயிறிழுப்புப் போட்டிதான். அம்மா கீழே சாய்ப்பாள், அப்பா மேலே சாய்ப்பார். மூடுபனி நாளில் மட்டும் சமாதானம், யாருக்கும் யாரும் தெரியாததால். தட்டியைப் பராமரிப்பது என் பொறுப்பானது. அடுப்புப் புகையும் பனியீரமும் சேர்ந்து, பட்டைமேல் பசைபோல் அழுக்குப் பிடிக்கும். அப்பாவின் பழைய கம்பளிக் காலுறையைக் கையில் மாட்டி, சோப்புத் தண்ணீரில் நனைத்து, பட்டை பட்டையாகத் துடைப்பேன். நாடாவில் பூஞ்சணம் பிடித்தால் வெயிலுக்குக் காத்திருக்க வேண்டும். எங்கள் ஊரில் வெயிலுக்குக் காத்திருப்பதும் துரையின் நல்ல மனசுக்குக் காத்திருப்பதும் ஒன்று. அப்பா இரண்டுக்கும் காத்திருந்தார்.

தீபாவளி நெருங்கியது. ஜாக்கெட் துணிகள் குவிந்தன. அறையின் குறுக்கே கட்டிய கொடியில் இன்னும் கை தைக்காத ஜாக்கெட்டுகள் வரிசையாகத் தொங்கின. ஒரு சாயங்காலம், பட்டை கீழே சாய்ந்திருக்க, லயத்து அக்கா ஒருத்தி கைகளை விரித்து நிற்க, அம்மா அவளுக்கு மார்பளவு எடுத்துக்கொண்டிருந்தாள். அப்பா மூச்சிரைக்க உள்ளே ஓடிவந்தார்.

"தொர வராந்தாவுல நிக்கிறாரு! விருந்தாளிகளும் இருக்காக!"

சொல்லிக்கொண்டே கயிற்றை இழுத்தார். பட்டைகள் படபடவென்று மேலே பார்த்தன. கோட்டை மாட்டி, ஃபைலை விரித்து, கன்னத்தில் பேனாவை ஊன்றினார். அவர் முதுகுக்குப் பின்னால், சிலுவைபோலக் கை விரித்த ஒரு பெண், அளவு நாடாவோடு அம்மா, ஒரு கொடி நிறைய ஜாக்கெட். ஜவுளிக்கடை நடுவில் கோட்டுப் போட்ட ஒரு பொம்மை.

"கிளார்க்கம்மா, நான் கைய எறக்கலாமா?" என்றாள் அக்கா.

"என்னங்க, இழுத்தீகளா?" என்றாள் அம்மா.

"பேசாத. நேரா பாக்குறாரு," என்றார் அப்பா, உதடு அசையாமல், பெருமையாக.

அம்மா மிஷினின் மேல் மூடியைக் கவிழ்த்தாள். மூடியபின்னும் கையை எடுக்கவில்லை.

காலையில் பங்களா சமையற்காரர் தலைச்சுமையோடு வந்தார். அப்பா வாசலிலேயே மன்னிப்புக் கேட்க ஆரம்பித்துவிட்டார். "அது வந்து, வியாபாரம் இல்ல, சொந்தக்காரப் பொம்பள..."

"அதெல்லாம் இருக்கட்டும்," என்று அவர் சுமையை இறக்கினார். உள்ளே மஞ்சளில் பெரிய சிவப்புப் பூப்போட்ட தடித்த துணி, சுருள் சுருளாக. "பங்களா சன்னல் முழுக்கத் திரை தைக்கணுமாம். துரைசாணி அம்மா நேத்துப் பாத்தாங்களாம். வியாபாரம்தான் கூடாதாம். உதவி செஞ்சா ஒண்ணுமில்லயாம்."

அம்மா துணியைத் தடவிப் பார்த்தாள். "மிஷின் இருக்கலாமா?"

"மிஷின் இல்லாம எப்படித் தைப்பீங்க?"

லயத்து ஜாக்கெட்டுகள் கொடியிலேயே தொங்க, அம்மா நாள் முழுக்கப் பங்களாவுக்கு உதவி செய்தாள். ஆனால் உதவி தொடங்கிய மூன்றாம் நாள் ஆளனுப்பினாள். திரை என்றால் நல்ல சுருக்கு வைக்க வேண்டும், துணி போதாது. துணி வந்தது. பிறகு, நனைந்தால் சுருங்கும், அதற்கும் விட வேண்டும். வந்தது. பிறகு கீழ்மடிப்பு. அதற்கும் வந்தது. பங்களாவில் யாருக்கும் முழக்கணக்கு தெரியாது. அப்பாவுக்குத் தெரியும். அவர் ஃபைலுக்குள் தலையை விட்டுக்கொண்டார்.

பெரிய கிளார்க் நாற்காலி துரையோடு கூடப்படித்தவரின் மைத்துனனுக்குப் போனது. அப்பாவின் உழைப்பைப் பாராட்டி, பங்களாவின் மிச்சத் தட்டிகளையெல்லாம் எங்கள் வீட்டுக்கு அனுப்பிவைத்தார்கள்.

தீபாவளியன்று வழக்கம்போல எல்லோரும் மாலையோடு பங்களாவுக்குப் போனோம். புதுத் திரைகள் நல்ல சுருக்கோடு தொங்கின, மஞ்சளில் சிவப்புப் பூ. முற்றத்தில் மிட்டாய்க்கு வரிசையாக நின்ற லயத்துப் பெண் குழந்தைகள் எல்லோருக்கும் புதுப் பாவாடை. மஞ்சளில் சிவப்புப் பூ. துரைசாணி சன்னலைப் பார்த்தார், குழந்தைகளைப் பார்த்தார், திரும்பவும் சன்னலைப் பார்த்தார்.

"இந்தத் துணி...?" என்றார்.

"மீந்துச்சுங்கம்மா," என்றாள் என் அம்மா, கையைக் கட்டிக்கொண்டு, பணிவாக. "பாவம் பிள்ளைக. ஒரு உதவிதான்."

அப்பாவின் கழுத்துக்கு அன்று எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மா தட்டியை மேலும் சாய்க்கவில்லை, கீழும் சாய்க்கவில்லை. மொத்தமாக உயரத் தூக்கி, கயிற்றை இறுக்கி முடிச்சுப் போட்டு, ஏணியில் ஏறி, அது இல்லாமல் எட்டாத ஆணியில் மாட்டினாள். மிஷினை இன்னும் கொஞ்சம் சன்னலருகே இழுத்துப் போட்டாள். மறுநாள் சாயங்காலம் ஆறு மணிக்கு அப்பா கோட்டோடு வந்து கயிற்றைத் தேடினார்.

"ஏட்டி, ஏணி எங்க?" என்றார் என்னிடம்.

"பொம்பளப் பிள்ள எதுக்குப்பா ஏணியத் தொடணும்?" என்றேன்.

அம்மா நிமிரவில்லை. தீபாவளிக்கு முடியாமல் போன லயத்து ஜாக்கெட்டுகள் தைபட்டுக்கொண்டிருந்தன, துரையின் கண்ணெதிரே.