மூக்கம்மாள் மனுவில் ‘தி எண்ட்’

இன்று தேவிகுளம் தாலுகா ஆபீஸ் வாசலில் மூக்கம்மாளைச் சந்தித்தேன்! தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து பறிப்பவர். வயது நாற்பத்தைந்து இருக்கும். ஆங்கிலத்தில் அவருக்கு வாசிக்கத் தெரிந்தது ‘தி எண்ட்’ மட்டும்தான். அதை வைத்தே தன் வீட்டைக் காப்பாற்றிக்கொண்டார். கேட்டதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

எப்படிக் கற்றுக்கொண்டாராம்? மாதம் ஒருமுறை எஸ்டேட் மைதானத்தில் திரை கட்டிப் படம் போடுவார்கள். கடைசியில் அந்த எழுத்துகள் பெரிதாக வந்ததும் கூட்டம் மொத்தமும் கம்பளியை உதறிக்கொண்டு எழுந்துவிடும்.

"அதுக்கு மேல ஒண்ணும் வராதுன்னு பச்சப் பிள்ளைக்கும் தெரியும்" என்றார்.

போன வருஷம், எழுபத்து மூன்று ஐப்பசியில், அவர் கணவர் இறந்தார். எஸ்டேட் கொடுத்த லயத்து வரிசை வீடு கணவர் பேரில் இருந்தது. அதைத் தன் பேருக்கு மாற்றச் சொல்லி மூக்கம்மாள் மனுக் கொடுத்தார். தாலுகா ஆபீஸ் வாசலில் டைப்ரைட்டர் வைத்திருக்கும் சுவக்கீன்தான் ஆங்கிலத்தில் அடித்துக் கொடுத்தார். இவர் கீழே கைநாட்டு வைத்தார். எஸ்டேட் வழக்கப்படி மனு, வேலையாட்களை மேற்பார்க்கும் கங்காணி வழியாகத்தான் மேனேஜர் துரையிடம் போக வேண்டும். கங்காணிக்கோ அந்த வீட்டைத் தன் மருமகனுக்கு வாங்கிவிட ஆசை.

பத்து நாளில் எஸ்டேட் கிளார்க் கூப்பிட்டனுப்பினார். "சித்திரையில வீட்ட ஒழிச்சுக் குடுத்துட்டு ஊருக்குப் போறேன்னு நீயே எழுதியிருக்கியே. ஒப்பு வச்சது நீதானே?"

கைநாட்டு அவருடையதுதான். அந்த வரி அவருடையதல்ல! மனுவின் கடைசி வரிக்கும் கைநாட்டுக்கும் நடுவே கிடந்த வெற்றிடத்தில் யாரோ புதிதாக ஒரு வரி அடித்திருந்தார்கள்.

மூக்கம்மாள் நேரே சுவக்கீனிடம் வந்தார்.

"அண்ணாச்சி, இன்னொரு மனு அடிங்க. கடைசில தி எண்ட் போடுங்க."

"ஏம்மா, இது என்ன சினிமாவா? மனுவுக்கு ‘தங்கள் உண்மையுள்ள’ன்னு போட்டாப் போதும்."

"அது எனக்கு வாசிக்கத் தெரியாதே. இது தெரியும்."

"தொரை சிரிப்பாரு."

"சிரிக்கட்டும். வீடு போனா நானும் எம் பிள்ளைகளும்லா அழணும்?"

அந்தச் சொல்லை மனுவில் போடவே கூடாதா என்று இன்று சுவக்கீனிடம் நானே கேட்டேன். கயிற்றின் நுனிக்கும் ‘எண்ட்’ உண்டு, ரோடு முடிகிற இடத்துக்கும் உண்டு. ஆனால் ‘தி எண்ட்’ என்று தனியாக அடியில் எழுதினால் அது கதை முடிந்ததற்குத்தான் என்றார். இருபது வருஷத்தில் அதுவரை ஒரு மனுவிலும் அவர் அடித்ததில்லையாம். அன்றைக்கு அடித்தார். மூக்கம்மாள் ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துச் சரிபார்த்தார். பிறகு பாதிப் பெருவிரல் அந்த எழுத்துகள் மேலேயே விழும்படி அழுத்தினார். நடுவில் எறும்பு நுழையக்கூட இடமில்லை!

இந்த மனுவும் கங்காணி வழியாகத்தான் போனது. துரை பார்த்தார், சிரித்தார். சிரித்ததோடு விடாமல் மூக்கம்மாளை வரச்சொன்னார்.

"என்னம்மா, மனுவுல படம் காட்டுறே?"

"நாஞ் சொன்னது அங்க முடியுதுங்க தொரை. அதுக்குக் கீழ இருந்தா அது எம் பேச்சு இல்ல. போன மனுவுல எம் பேச்சுக்குக் கீழ வேற பேச்சு வந்துட்டு."

துரையின் சிரிப்பு நின்றது. பழைய மனுவை எடுத்துவரச் சொல்லிப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். எல்லா வரியும் கறுப்பு மை, கடைசி வரி மட்டும் நீலம். கங்காணியைக் கூப்பிட ஆள் போனது.

வீடு மூக்கம்மாள் பேருக்கு மாறிய தாள் நேற்றுத்தான் கிடைத்தது. அதைச் சுவக்கீனிடம் காட்டத்தான் இன்று வந்திருந்தார். முகமெல்லாம் சந்தோஷம், ஆனாலும் ஒரு குறை.

"இதுல கடைசில அது இல்லையே அண்ணாச்சி. ஒரு வாட்டி அடிச்சிருங்க."

சுவக்கீன் மெஷினிலிருந்து கையை எடுத்துவிட்டார். "தொரை ஒப்பு வச்ச தாள்ல நாம ஒண்ணச் சேத்தா, கங்காணி செஞ்சதும் அதானம்மா?"

மூக்கம்மாள் நாக்கைக் கடித்துக்கொண்டு, தாளை மடித்துப் பையில் வைத்தார்.

"அப்பம் தொரைக்கு யாராச்சும் சொல்லிக் குடுங்க, இனிமே போடச் சொல்லி!"

இந்த மாதம் மட்டும் ஏழு மனுவில் ‘தி எண்ட்’ அடித்தாராம் சுவக்கீன். தேவிகுளம் பக்கம் போனால் அவர் மேஜையை ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வாருங்கள். கைநாட்டு வைக்கிறவர்கள் யாராவது உங்களுக்குத் தெரிந்திருந்தால், தயவுசெய்து இதை அவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள்.